எஜுகேட்டட் இனஃப்: எதுக்குன்னு சேத்துச் சொல்லுங்க

ரிசல்ட் வந்து ஜூன் ஜூலை ஆச்சுன்னா எங்க வீட்டு மாடிக்கு இங்கிலீஷ் கத்துக்க வர்ற பசங்க கையில ஒரு ரெஸ்யூமே இருக்கும், கடலூர் மஞ்சக்குப்பத்துல ஏதாவது ஒரு ஜெராக்ஸ் கடையில அடிச்சது, கடைக்காரர் தன்னோட கம்ப்யூட்டர்ல இருக்கற பழைய ரெஸ்யூமே ஒண்ணுல பேரையும் அட்ரஸையும் மாத்திக் குடுத்திருப்பார். அதோட சேத்து அவங்களே எழுதின ஒரு கவர் லெட்டரும் இருக்கும். அந்த லெட்டர்ல தான் இந்த வரி அடிக்கடி வரும்: "ஐ ஆம் இனஃப் எஜுகேட்டட் ஃபார் திஸ் ஜாப்."

இந்த வேலைக்குத் தேவையான அளவு நான் படிச்சிருக்கேன்னு சொல்ல வர்றாங்க. சொல்ல வர்ற விஷயம் சரி, சொல்ற தைரியமும் எனக்குப் பிடிக்கும். வார்த்தை நிக்கற இடம் மட்டும் தப்பு. இது ஏன் இப்படி வருதுன்னு புரிஞ்சிக்கிட்டா திருத்தறது சுலபம், அதனால கொஞ்சம் பொறுமையா எழுதறேன்.

தமிழ்ல நாம "போதுமான பணம்"ன்னு சொல்றோம், "போதுமான படிப்பு"ன்னு சொல்றோம், "போதுமான அளவு படிச்சவன்"னு சொல்றோம், எல்லாத்துலயும் போதும்ங்கறது முன்னாடியே வந்துடுது. பணம்ங்கறது பெயர்ச்சொல்லா, படிச்சவங்கறது வேற வகையான்னு நாம பாக்க வேண்டிய அவசியமே தமிழ்ல இல்ல. இங்கிலீஷ்ல அத பாக்கணும். பெயர்ச்சொல்லா இருந்தா இனஃப் முன்னாடி வரும்: இனஃப் மனி, இனஃப் டைம், இனஃப் எஜுகேஷன். ஒருத்தர் எப்படி இருக்கார்னு சொல்ற வார்த்தையா இருந்தா, அதாவது ஓல்ட், டால், ஸ்ட்ராங், எஜுகேட்டட் மாதிரி வார்த்தையா இருந்தா, இனஃப் பின்னாடி போயிடும்: ஓல்ட் இனஃப், டால் இனஃப், ஸ்ட்ராங் இனஃப், எஜுகேட்டட் இனஃப். ஓட்டு போடற வயசு வந்துடுச்சுன்னு சொல்ல "ஓல்ட் இனஃப் டு வோட்"ன்னு தான் சொல்வாங்க, "இனஃப் ஓல்ட்"னு யாரும் சொல்ல மாட்டாங்க.

அதனால படிப்பைப் பத்தி சொல்றதுக்கு ரெண்டு வழி இருக்கு. "ஐ ஹேவ் இனஃப் எஜுகேஷன்." "ஐ ஆம் எஜுகேட்டட் இனஃப்." ஹேவ் போட்டா எஜுகேஷன், ஆம் போட்டா எஜுகேட்டட். இந்த ரெண்டையும் கலந்து "ஐ ஆம் இனஃப் எஜுகேஷன்"னு எழுதறவங்களும் உண்டு, "ஐ ஹேவ் இனஃப் ஆஃப் எஜுகேஷன்"னு நடுவுல ஒரு ஆஃப் போடறவங்களும் உண்டு, அந்த ஆஃப் வேணாம், எடுத்துடுங்க.

இனஃப் மாதிரியே போதுமானன்னு அர்த்தம் வர்ற சஃபிஷியன்ட் கதை வேற. "சஃபிஷியன்ட் எஜுகேஷன்" சரி, "சஃபிஷியன்ட்லி எஜுகேட்டட்" சரி, ரெண்டுலயும் அது முன்னாடி தான் வரும், நம்ம தமிழ் பழக்கத்துக்கு அது ஒத்துப்போறதால பசங்க அதுல தப்பே பண்றதில்ல. ஆனா அது ஆபீஸ் லெட்டர் பாஷை, வாய்ல பேசும்போது விறைப்பா இருக்கும். அடிக்வேட்னு ஒரு வார்த்தை இருக்கு, அதையும் சிலர் பெருமையா நெனச்சு எழுதறாங்க, இங்கிலீஷ்காரங்க காதுக்கு அது பாஸ் மார்க் வாங்கிட்டான்ங்கற அளவுக்கு தான் கேக்கும், உங்களப் பத்தி நீங்களே அப்படி எழுதிக்க வேணாம்.

இப்ப முக்கியமான ஒரு இடம். "இனஃப் எஜுகேட்டட்" எப்பவுமே தப்புன்னு மனப்பாடம் பண்ணிடாதீங்க. பின்னாடி ஆளுங்களக் குறிக்கற ஒரு வார்த்தை வந்தா அது சரியாயிடும், ஆனா அர்த்தம் மாறிடும். "வி டோன்ட் ஹேவ் இனஃப் எஜுகேட்டட் விமன் இன் அவர் வில்லேஜ்"னா எங்க ஊர்ல படிச்ச பொம்பளைங்க எண்ணிக்கை பத்தலன்னு அர்த்தம். "தி விமன் இன் அவர் வில்லேஜ் ஆர் நாட் எஜுகேட்டட் இனஃப்"னா எங்க ஊர் பொம்பளைங்களோட படிப்பு பத்தலன்னு அர்த்தம். முதல் வரி ஊருக்கு என்ன குறைன்னு சொல்லுது, ரெண்டாவது வரி அந்தப் பொம்பளைங்க கிட்ட என்ன குறைன்னு சொல்லுது. மகளிர் குழுவுக்காக கம்பெனிங்க கிட்டயோ டிரஸ்ட் கிட்டயோ உதவி கேட்டு இங்கிலீஷ்ல லெட்டர் எழுதறவங்க இந்த வித்தியாசத்த கண்டிப்பா பாக்கணும். கணக்கு எழுத, பேங்க்குக்குப் போக படிச்ச ஆளு இன்னும் ரெண்டு பேர் வேணும்னு கேக்கப் போய், எங்க பொம்பளைங்களுக்கு எதுவும் தெரியாதுன்னு நாமளே எழுதிக் குடுத்த மாதிரி ஆயிடக் கூடாது. ஒரு வார்த்தை இந்தப் பக்கமா அந்தப் பக்கமாங்கறதுல தான் அவ்ளோ இருக்கு.

சரி, இடம் சரியாயிடுச்சு, "ஐ ஆம் எஜுகேட்டட் இனஃப்"னு எழுதிட்டாங்கன்னு வைங்க. நான் அதையும் விட மாட்டேன். எதுக்கு இனஃப்? அந்த வால் இல்லாம அந்த வாக்கியம் பாதியில நிக்குது. இங்கிலீஷ்ல அந்த வால் ரெண்டு விதமா வரும், பின்னாடி பெயர்ச்சொல் வந்தா ஃபார், செயல் வந்தா டு. எஜுகேட்டட் இனஃப் ஃபார் திஸ் ஜாப். எஜுகேட்டட் இனஃப் டு டூ திஸ் ஜாப். பேச்சுல, முன்னாடியே எந்த விஷயம்னு பேசிட்டு இருந்தா, வால விட்டுடலாம். லெட்டர்ல விடாதீங்க.

வால் எவ்ளோ குறிப்பா இருக்கோ அவ்ளோ நல்லது. குடிகாடு பக்கம் சிப்காட்ல கெமிக்கல் கம்பெனிக்கு ஆபரேட்டர் வேலைக்குப் போற பையன் வந்தான், கெமிஸ்ட்ரி படிச்சவன். ஃபார் திஸ் ஜாப்னு எழுதியிருந்தான். அங்க என்ன வேலைப்பானு கேட்டேன். டிரம்மு மேல ஒட்டியிருக்கற லேபிள படிக்கணும், ஒவ்வொரு கெமிக்கலுக்கும் சேஃப்டி டேட்டா ஷீட்னு ஒண்ணு இருக்கும், அது இங்கிலீஷ்ல இருக்கும், அதப் படிச்சுப் புரிஞ்சிக்கணும், கூட வேல பாக்கற கான்ட்ராக்ட் ஆளுங்களுக்கு எது மேல பட்டா என்ன பண்ணணும்னு சொல்லத் தெரியணும்னு அவனே சொன்னான். அப்ப அதயே எழுதுன்னேன். "ஐ கேன் ரீட் எ சேஃப்டி டேட்டா ஷீட் அண்ட் எக்ஸ்ப்ளெய்ன் இட் இன் தமிழ்." இந்த வரியில எஜுகேட்டடும் இல்ல, இனஃபும் இல்ல, ஆனா அவன் சொல்ல வந்தது முழுசா இருக்கு. கடலூர் சிப்காட்ல வேல பாக்கறவங்க வீட்ல கேட்டுப் பாருங்க, அந்த ஷீட்ட படிக்கத் தெரிஞ்ச ஆள் ஷிப்ட்ல இருக்கறது எவ்ளோ பெரிய விஷயம்னு சொல்வாங்க.

எதுக்குன்னு கேக்கறது வெறும் கிராமர் கேள்வி இல்ல. எவ்ளோ படிச்சா போதும்ங்கறத ஒவ்வொரு இடத்துலயும் ஒவ்வொருத்தர் வேற வேற மாதிரி வச்சிருக்காங்க.

சென்சஸ் எடுக்கறப்ப ஏழு வயசும் அதுக்கு மேலயும் இருக்கற ஒருத்தர் ஏதாவது ஒரு மொழியில புரிஞ்சு படிக்கவும் எழுதவும் தெரிஞ்சவரா இருந்தா எழுத்தறிவு உள்ளவர்னு கணக்கு, பள்ளிக்கூடத்துக்குப் போயிருக்கணும்னு கூட இல்ல. 2011 சென்சஸ்ல தமிழ்நாட்டுக்கு 80.09 சதவீதம், புதுச்சேரிக்கு 85.85 சதவீதம்னு வந்த கணக்கு இதை வச்சு தான். இங்கிலீஷ்ல இதுக்கு லிட்டரேட்னு பேரு. எஜுகேட்டட்னு சொன்னா அதுக்கு மேல கொஞ்ச வருஷமாவது முறையா படிச்சவங்கன்னு எடுத்துக்குவாங்க. அதனால "மை கிராண்ட்மதர் இஸ் லிட்டரேட்"னு சொன்னா பாட்டிக்கு பேப்பர் படிக்கத் தெரியும்னு அர்த்தம், அதுக்கு எஜுகேட்டட்னு போட்டா பாட்டி காலேஜ் வரைக்கும் போனாங்களான்னு கேப்பாங்க.

பாஸ்போர்ட் எடுக்கப் போனா, அங்க 'போதும்'ங்கறது பத்தாவது பாஸ். நம்ம ஊர்ல ஈ.சி.ஆர்.னா பாண்டிக்கும் மெட்ராஸுக்கும் போற கடலோர ரோடு தான் எல்லாருக்கும் ஞாபகம் வரும், ஆனா வளைகுடா நாட்டுக்கு வேலைக்குப் போறவங்க நிறைய இருக்கற பரங்கிப்பேட்டையிலயும் லால்பேட்டையிலயும் போய்க் கேட்டீங்கன்னா பாஸ்போர்ட்ல அடிக்கற ஈ.சி.ஆர். தான் மொதல்ல வரும், எமிக்ரேஷன் செக் ரிக்வயர்டு. பத்தாவது பாஸ் சர்டிஃபிகேட் காட்டினா அது கிடையாது. அது அச்சடிச்ச பாஸ்போர்ட்டோட சவுதிக்கோ குவைத்துக்கோ கத்தாருக்கோ வேலைக்குப் போகணும்னா புரொடெக்டர் ஆஃப் எமிக்ரன்ட்ஸ்ங்கற மத்திய அரசு அதிகாரி கிட்ட கிளியரன்ஸ் வாங்கணும். 1983ல வந்த எமிக்ரேஷன் ஆக்ட் கீழ இந்த ஏற்பாடு, படிக்காதவங்கள ஏஜெண்டுங்க ஏமாத்திடக் கூடாதுன்னு வச்சது. அப்ப பத்தாவது பாஸ் பண்ண ஒருத்தன் தன் காண்ட்ராக்ட்ட தானே படிச்சுப் புரிஞ்சிப்பான்னு சர்க்கார் நம்புது. அந்தக் காண்ட்ராக்ட் இங்கிலீஷ்லயும் அரபியிலயும் இருக்கு, பத்தாவது பாஸ் பண்ண நம்ம பையன் அத நிஜமாவே படிச்சுப் புரிஞ்சிக்கறானான்னா, என்கிட்ட வந்த பல பேர் கையெழுத்து போட்டப்புறம் தான் கொண்டு வந்தாங்க. கையெழுத்து போடறதுக்கு முன்னாடி யார்கிட்டயாவது கொண்டு வந்து காட்டுங்க, என்கிட்ட தான்னு இல்ல, உங்க ஸ்கூல் இங்கிலீஷ் டீச்சர் கிட்ட காட்டினா கூட சந்தோஷமா படிச்சுச் சொல்வாங்க.

லாரி ஓட்டறவங்களுக்கு எட்டாவது பாஸ்னு இருந்துச்சு, டிரான்ஸ்போர்ட் வண்டி லைசென்ஸுக்கு. 2019ல மத்திய அரசு அத எடுத்துட்டாங்க, வண்டி ஓட்டற திறமைய டெஸ்ட்ல பாத்துக்கலாம்னு. ஹரியானாவுல இதுக்கு நேர் எதிரா 2015ல ஒரு சட்டம் கொண்டு வந்தாங்க, பஞ்சாயத்து எலக்ஷன்ல நிக்கணும்னா பத்தாவது பாஸ் பண்ணியிருக்கணும், பெண்களும் பட்டியல் சாதியினரும் எட்டாவது, பட்டியல் சாதிப் பெண்கள் வார்டு மெம்பருக்கு நின்னா அஞ்சாவது. அதே வருஷம் டிசம்பர்ல சுப்ரீம் கோர்ட்டும் அது செல்லும்னு சொல்லிடுச்சு. தமிழ்நாட்டுல அப்படி ஒரு சட்டம் இல்ல, வரவும் கூடாதுன்னு நான் நெனைக்கறேன். நம்ம கடலூர் முதுநகர்ல 1890ல பொறந்த அஞ்சலை அம்மாள் அஞ்சாவது வரைக்கும் தான் படிச்சவங்க, சுதந்திரப் போராட்டத்துல பல தடவ ஜெயிலுக்குப் போயிட்டு வந்து 1937ல மெட்ராஸ் சட்டசபைக்கு ஜெயிச்சுப் போனாங்க. இன்னிக்கு ஹரியானாவுல ஒரு பஞ்சாயத்துத் தலைவர் பதவிக்கு நிக்க அவங்களுக்கு அந்தப் படிப்பு பத்தாது.

பாண்டிக்காரங்களுக்கு இது இன்னும் நல்லா தெரியும். பிரெஞ்சுக்காரன் காலத்துல படிச்சவங்க பிரெவே பாஸ் பண்ணவர், பக்கலோரியா பாஸ் பண்ணவர்னு தான் ஊர்ல பேரு, ரெண்டும் பிரெஞ்சுப் பள்ளிப் படிப்புப் பரீட்சைங்க. 1954ல நிர்வாகம் இந்தியா கைக்கு வந்ததும் அந்த சர்டிஃபிகேட்டுக்கு இங்க என்ன மதிப்புன்னு ஒரு பெரிய பயம் இருந்திருக்கும் இல்லையா, மெட்ரிகுலேஷன், இன்டர்மீடியட்னு பேசற ஆபீஸ்ல போய் பிரெவேய நீட்டினா யாருக்குப் புரியும். 1956 மே மாசம் ரெண்டு நாடும் கையெழுத்து போட்ட ஒப்பந்தத்துலயே அத ஒரு ஷரத்தா எழுதி வச்சாங்க, மேல்படிப்புக்கும் சர்க்கார் வேலைக்கும் இந்தப் படிப்புங்கள இந்திய யுனிவர்சிட்டி படிப்புக்கு சமமா இந்திய அரசு ஏத்துக்கும்னு. அந்த ஒப்பந்தம் 1962 ஆகஸ்ட்ல தான் முழுசா அமலுக்கு வந்துச்சு. எது போதுமான படிப்புன்னு ரெண்டு நாடு உக்காந்து எழுதி வச்சிருக்கு பாருங்க, அதுலயும் எதுக்குன்னு சேத்து தான் எழுதியிருக்காங்க, மேல்படிப்புக்கு, நிர்வாக வேலைக்குன்னு.

இதோட ஒட்டி வர்ற இன்னும் சில வார்த்தைங்க. எலிஜிபிள்னா ரூல்படி உனக்கு அனுமதி இருக்குன்னு அர்த்தம். குவாலிஃபைட்னா அந்த வேலைக்கான படிப்போ பயிற்சியோ உன்கிட்ட இருக்குன்னு அர்த்தம். பி.எட். முடிச்சவர் "குவாலிஃபைட் டு டீச்", வயசு வரம்பு தாண்டிட்டா அந்த வருஷத்து நோட்டிஃபிகேஷனுக்கு அவர் எலிஜிபிள் இல்ல. டி.என்.பி.எஸ்.சி. நோட்டிஃபிகேஷன்ல குறைந்தபட்ச கல்வித் தகுதின்னு போட்டிருக்கறத மட்டும் பாத்துட்டு நான் டிகிரி முடிச்சிருக்கேன் எனக்குப் போதும்னு நெனச்சிடறாங்க, பத்தாவது, பிளஸ் டூ, அப்புறம் டிகிரின்னு வரிசையா படிச்சிருக்கணும்னு கேக்கறாங்க, நேரா ஓப்பன் யுனிவர்சிட்டில டிகிரி வாங்கினவங்க அங்க தான் மாட்டிக்கறாங்க. படிச்சவங்க தான் அவங்களும், கஷ்டப்பட்டு வேலைக்குப் போயிட்டே படிச்சவங்க. ஃபீஸ் கட்டறதுக்கு முன்னாடி அந்த வரிய யாராவது காட்டியிருந்தா நல்லாருந்திருக்கும்.

டூ எஜுகேட்டட்னு எழுதாதீங்க. நம்ம பசங்களுக்கு டூன்னா ரொம்பன்னு அர்த்தம், ரொம்ப சந்தோஷம்னா டூ ஹேப்பின்னு சொல்றாங்க. டூன்னா அளவு மீறிப் போச்சுன்னு அர்த்தம். "ஐ ஆம் டூ எஜுகேட்டட் ஃபார் திஸ் ஜாப்"னு எழுதினா இந்த வேலை என் படிப்புக்குக் கீழன்னு சொல்லி நீங்களே கதவ சாத்திக்கறீங்க. பி.இ. முடிச்சவங்க ஐ.டி.ஐ. லெவல் வேலைக்கு அப்ளை பண்றது இப்ப நெய்வேலி சுத்துவட்டாரத்துல சாதாரணமா ஆயிடுச்சு, கம்பெனில ஓவர் குவாலிஃபைட்னு ஒரு காரணம் சொல்லி அனுப்பிடறாங்க, அந்த இடத்துல நீங்களே டூ போட்டு எடுத்துக் குடுக்காதீங்க.

வெல் எஜுகேட்டட்ங்கறது அடுத்தவங்களப் பத்தி சொல்ற வார்த்தை. "ஹர் ஃபேமிலி இஸ் வெல் எஜுகேட்டட்"னா நல்ல மரியாதையான பேச்சு. தன்னப் பத்தியே ஒருத்தர் சொல்லிக்கிட்டா பெருமை அடிக்கற மாதிரி இருக்கும். எஜுகேட்டட் இனஃப் அதுக்கு நேர் எதிர், உங்களப் பத்தி நீங்க சொல்லலாம், அடுத்தவங்களப் பத்தி சொல்லும்போது ஜாக்கிரதையா இருக்கணும், ஏன்னா இனஃப்ங்கறது பாராட்டு இல்ல, ஒரு கோடு போட்டு அதத் தாண்டிட்டான்னு சொல்றது. அந்தக் கோட்ட போட்டது யாருன்னு ஒரு கேள்வி உடனே வருது.

அந்தக் கேள்விய நான் ரொம்ப சீரியஸா எடுத்துக்கறதுக்கு ஒரு காரணம் இருக்கு. பிளஸ் டூ முடிச்ச பொண்ணுங்க வீட்ல "படிச்சது போதும்"னு சொல்றாங்க இல்லையா, அது இந்த வால் இல்லாத வாக்கியம் தான். ஷி இஸ் எஜுகேட்டட் இனஃப், முடிஞ்சிது. எதுக்குப் போதும்னு யாரும் சொல்றதில்ல. கல்யாணப் பத்திரிகையில பேருக்குப் பின்னாடி போடறதுக்கா, குழந்தைக்கு ஹோம்வொர்க் சொல்லிக் குடுக்கறதுக்கா, நாளைக்கு வீட்டுக்காரருக்கு ஒண்ணு ஆயிட்டா தனியா நின்னு குடும்பத்த நடத்தறதுக்கா? எங்க தெருவுல ஒரு பொண்ணுக்கு இப்படி நடந்துச்சு, நல்ல மார்க், அப்பாவுக்கு மனசு இல்ல. நான் போய் அவர்கிட்ட சண்டையெல்லாம் போடல. "அண்ணா, போதும்னு சொல்றீங்களே, அவ என்ன வேலை பாக்கறதுக்குப் போதும்?"னு மட்டும் கேட்டேன். அவர் யோசிச்சுட்டு ஜவுளிக் கடையில பில்லு போடப் போலாம்னார். அந்தப் பொண்ணு நர்ஸ் ஆகணும்னு ஆசைப்பட்டா. அப்ப நர்ஸுக்குப் போதுமான்னு கேட்டேன், பத்தாதுன்னு அவரே சொன்னார். அதுக்கப்புறம் காசு தான் பேச்சு, படிப்பு வேணுமா வேணாமாங்கற பேச்சு இல்ல. கவர்மென்ட் ஸ்கூல்ல ஆறாவதுலேருந்து பிளஸ் டூ வரைக்கும் படிச்ச பொண்ணுங்களுக்கு 2022 செப்டம்பர்லேருந்து புதுமைப்பெண் திட்டத்துல மாசம் 1000 ரூபா பேங்க்ல விழுது, மேல படிக்கற வரைக்கும். அத சொன்னப்ப தான் அவங்க அம்மா முகத்துல ஒரு தெளிவு வந்துச்சு, பஸ்ஸுக்கும் சாப்பாட்டுக்கும் ஆச்சுன்னு. இப்ப பாண்டிப் பக்கம் நர்சிங் படிக்கறா, தினமும் திருப்பாப்புலியூர்லேருந்து பஸ்.

ரெஸ்யூமேக்கு வர்றேன். ரெஸ்யூமேல இனஃப், சஃபிஷியன்ட், அடிக்வேட் எதுவுமே வேணாம். என்ன படிச்சீங்க, எங்க, எந்த வருஷம், இது போதும். "ஐ ஆம் பி.காம்."னு எழுதாதீங்க, "ஐ ஹேவ் எ பி.காம்." இல்லன்னா "ஐ ஹேவ் எ டிகிரி இன் காமர்ஸ்." சப்ஜெக்டுக்கு இன், காலேஜுக்கு ஃப்ரம். "பாஸ்டு அவுட் இன் 2023"ன்னு நம்ம நாட்டுல எல்லாரும் எழுதறோம், இங்க எல்லாருக்கும் புரியும், உள்ளூர் கம்பெனிக்கு அனுப்பறதுன்னா பிரச்சனை இல்ல, வெளிநாட்டுக் கம்பெனிக்கு அனுப்பறதுன்னா "கிராஜுவேட்டட் இன் 2023"ன்னு மாத்திடுங்க, அவங்க ஊர்ல பாஸ்டு அவுட்னா மயக்கம் போட்டு விழுந்துட்டான்னு அர்த்தம். பாதியில நின்னவங்க டிஸ்கன்டின்யூட்னு எழுதி அதயே பெரிசாக்காதீங்க, "கம்ப்ளீட்டட் டூ இயர்ஸ் ஆஃப் பி.எஸ்ஸி. மேத்ஸ்"னு எழுதலாம், அது உண்மையும் கூட, ரெண்டு வருஷம் படிச்சது படிச்சது தானே. அரியர் இருந்தா கேட்டா சொல்லுங்க, மறைக்க வேணாம்.

கடைசியா செல்ஃப் இன்ட்ரொடக்ஷன். நான் ரொம்ப வருத்தப்படற இடம் இது. தேவனாம்பட்டினம், சோனங்குப்பம் பக்கத்துலேருந்து வர்ற பசங்க "மை ஃபாதர் இஸ் அன்எஜுகேட்டட், ஹி இஸ் எ ஃபிஷர்மேன், மை மதர் இஸ் ஆல்ஸோ அன்எஜுகேட்டட்"னு மூச்சு விடாம சொல்றாங்க, யாரோ எங்கயோ எழுதிக் குடுத்தத மனப்பாடம் பண்ணது. இங்கிலீஷ்ல அன்எஜுகேட்டட்ங்கறது ஒருத்தரோட படிப்ப மட்டும் சொல்லாது, கேக்கறவங்க காதுல விவரம் இல்லாதவர்ங்கற மாதிரியும் விழும். சொந்த அப்பாவ அப்படிச் சொல்லணுமா? "நாட் எஜுகேட்டட் இனஃப்"னு மாத்திச் சொன்னாலும் சரியா வராது, எதுக்குப் பத்தல? காத்தையும் நீரோட்டத்தையும் பாத்து இன்னிக்கு படகு இறக்கலாமா வேணாமான்னு முடிவு பண்ற மனுஷன், புயல் எச்சரிக்கைக் கூண்டு எத்தனாம் நம்பர்னா என்ன அர்த்தம்னு தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்வார்.

அப்படியே உள்ளத சொல்லுங்க. "மை ஃபாதர் இஸ் எ ஃபிஷர்மேன். ஹி ஸ்டடீட் அப் டு ஃபிஃப்த் ஸ்டாண்டர்ட்." அம்மா ஸ்கூலுக்கே போகலன்னா "மை மதர் டிட் நாட் கெட் எ சான்ஸ் டு கோ டு ஸ்கூல். ஷி செல்ஸ் ஃபிஷ் அட் தி ஹார்பர்." டிட் நாட் கெட் எ சான்ஸ்னு சொல்லும்போது வாய்ப்பு கிடைக்கலங்கற உண்மை வருது, குறை அவங்க மேல விழல. இத நிறுத்தி நிதானமா, தலைய நிமித்தி வச்சு சொல்லணும், வேகமா சொல்லி முடிச்சிடணும்னு தோணக் கூடாது, அதுக்கு சத்தமா சொல்லிச் சொல்லிப் பழகறது தவிர வேற வழியில்ல. அடுத்த மாசம் கேம்பஸ் இன்டர்வியூ இருக்கறவங்க சனிக்கிழமை சாயந்திரம் மாடிக்கு வாங்க, ரெஸ்யூமே பிரின்ட் எடுக்காம வாங்க, திருத்திட்டு அப்புறம் எடுத்துக்கலாம்.